கையை வீசிக்கொண்டு வரச் சொன்ன மாமாவுக்கு

திருப்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா திருவேங்கடம் அவர்களுக்கு, மைத்துனன் ஹேமநாத் வணங்கி எழுதுவது.

தாங்களும் தேவயானி அக்காவும் கார்வேட்டிநகரத்தில் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் எப்போதுமே நலமாகத்தான் இருந்திருக்கிறீர்கள். மாந்தோப்பு பூத்திருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும். இங்கே நான் நலமில்லை. யாரும் விசாரிக்கவில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைப்பவர் நீங்கள். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், குடும்பக் குழுவிலிருந்து நான் கோபித்துக்கொண்டு விலகியதை ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் அக்கா, என் போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் சேர்த்துவிட்டாள். திரும்பிச் சேர்ந்த எனக்கு வந்த முதல் செய்தி, தாம்பூலப் பையை எந்த நிறத்தில் அடிக்கலாம் என்ற ஆலோசனை. எனவே கடிதம்.

விஷயம் இதுதான். புத்தூரில் நடக்கப்போகும் உங்கள் மகள் யாமினியின் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். அவளைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துவர வேண்டிய தாய்மாமன் நான் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் சித்தப்பா மகன் எழிலரசன் இருக்கிறான். முறைக்கு அவனும் மாமன்தான். போர்வெல் மோட்டார் விற்கிறான், நல்ல பையன், யார் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பான். அவனை நிறுத்திக்கொள்ளுங்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியாது என்று நடிக்க வேண்டாம். பழத்தட்டும் பத்திரிகையுமாக நீங்களும் அக்காவும் என் அறைக்கு வந்தீர்கள். இருந்த ஒரே நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் சொன்னீர்கள்: "மச்சான், நீ ஒண்ணும் எடுத்துக்கினு வராத. அந்தக் கீபோர்டு பொட்டி, ஸ்டேண்டு, ஒயரு, ஒரு எழவும் வேணாம். சும்மா கைய வீசிக்கினு வா." கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த வீட்டில் எழவு என்ற சொல் உங்கள் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நான் வியந்தேன். "அப்ப ரிசப்ஷன்ல யாரு வாசிக்கிறது?" என்று கேட்டேன். "மெட்ராஸ்ல இருந்து டிஜே வராம்பா. யாமினியே பாத்து வெச்சிட்டா" என்றீர்கள். அக்கா பேச்சை மாற்றுவதற்காக, "காபி நல்லா போட்டிருக்கடா" என்றாள். அது டீ.

என்னை வேண்டாம் என்று சொன்னவர்களின் வரிசை நீளமானது, மாமா. அந்த வரிசையில் முதலில் நிற்பவர் என்னைப் பெற்ற நைனா, இரண்டாவது நீங்கள். சித்தூர் மிஷன் பள்ளி விடுதியில் கற்றுக்கொண்ட பியானோவில் லண்டன் தேர்வெல்லாம் எழுதித் தேறி, ஆங்கில எம்.ஏ.வும் முடித்து, வந்த லெக்சரர் வேலையை வேண்டாம் என்று நான் சொன்ன அன்று நைனா, "பியானோ சோறு போடுமாடா?" என்று கேட்டார். போடும் நைனா என்றேன். "எந்த ஊர்ல?" என்றார். அந்த ஊரைத் தேடித்தான் நான் இத்தனை காலம் அலைந்தேன். நீங்கள் அப்போது புது மாப்பிள்ளை. பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க ஊர்ல பாம்பாட்டிகூட வாசிக்கிறான் மாமா, அவன் எம்மே படிக்கல" என்று நைனாவிடம் சொல்லிச் சிரித்தீர்கள். முறுக்கு வாயிலிருந்து தெறித்தது. நீங்கள் மறந்திருப்பீர்கள்.

சென்னையில் ஓட்டல், துபாயில் ஓட்டல், அதன்பின் கப்பல். நைனா கேட்ட ஊர் கடைசியில் தண்ணீர்மேல் இருந்தது. பல் போன கிழவர்கள் தங்கள் கிழவிகளை அணைத்துக்கொண்டு ஆட, நான் வாசிப்பேன். அலை பெரிதாக வந்தால் ஸ்டூல் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன், விரல்கள் மட்டும் கட்டைகளை விடாது. வாசித்து முடித்தால் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஆமாம் மாமா, எழுந்து நின்று. நம் ஊரில் பந்திக்கு இலை போட்டால் எழுந்திருப்பார்களே, அந்த வேகத்தில். அப்படி இருந்தவனுக்குத்தான் நீங்கள் போன் செய்தீர்கள்: "மச்சான், நைனாவுக்குக் கடைசி நேரம். இருக்கறத உட்டுட்டு ஓடியா." ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு விமானமும் ஒரு பேருந்தும் மாறி வந்து சேர்ந்தேன். நைனா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து களியும் கருவாட்டுக் குழம்பும் துன்னுகினு இருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாடா, கப்பல் மூழ்கிப் பூட்சா?" என்று கேட்டார். அதன்பிறகும் பல வருஷம் நன்றாக இருந்தார். அதற்காக நான் வருந்தவில்லை. கப்பலுக்காகத்தான் வருந்துகிறேன். பாதியில் போனவனை மறுபடியும் ஏற்ற மாட்டார்கள்.

அப்புறம் திருப்பதி. புதிதாகக் கட்டிய ஓட்டல் ஒன்றின் முதலாளி, லாபியில் அழகுக்கு இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைப் பியானோவை வாங்கிப் போட்டிருந்தார். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். கோட்டு சூட்டோடு நான் போய் உட்கார்ந்தேன். மலையிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக இறங்கி வருகிறவர்கள் நேரே என்னிடம் வந்து, "சார், ரூம் கீ இவ்வண்டி" என்பார்கள். சூட்டு போட்டவன் சாவி கொடுப்பவன் என்பது அவர்கள் நம்பிக்கை. லட்டுப் பைகளைப் பியானோமேல் வைப்பார்கள், நெய் இறங்கும். ஈரத் துண்டைக் காயப்போடுவார்கள். ஒரு நாள் மிக மெதுவான, உயிரை உருக்கும் ஒரு பகுதியை வாசித்துக்கொண்டிருந்தேன். சத்தியவேட்டிலிருந்து வந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்று கண் கலங்கக் கேட்டாள். முடிந்ததும் என் தோளைத் தொட்டு, "பாவம், தூக்கம் வருது உனக்கு. போய்ப் படுத்துக்கினு வாப்பா" என்றாள்.

அங்கே ஒரே ஒரு முறை எனக்கு நல்ல காலம் வந்தது. அதைக் கெடுத்ததிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. கப்பல்களுக்கு வாத்தியக்காரர்களை எடுக்கும் மும்பை ஏஜென்ட் ஒருவர், குடும்பத்தோடு தரிசனத்துக்கு வந்து அதே ஓட்டலில் தங்கினார். மறுநாள் காளஹஸ்திக்குக் கிளம்புமுன் உங்கள் வாசிப்பைக் கேட்கிறேன், பிடித்திருந்தால் நீங்கள் கப்பலைப் பாதியில் விட்ட பழைய கதையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் சூட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலையிலேயே போனேன். அன்று சரஸ்வதி பூசை. பியானோவுக்கு இருபுறமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மேலே பட்டு. மூடியைத் திறந்து, ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, நடுவில் ஒரு தட்டுப் பொரியும் வைத்திருந்தார்கள். ஹவுஸ்கீப்பிங் சுந்தரம்மா பக்கத்திலேயே காவலுக்கு நின்றாள். கொஞ்ச நேரம் எடுத்து வைம்மா, வாசித்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்றேன்.

"பூசைல வெச்சத நடுவுல எடுக்கலாமா சார்? நாளைக்கு காலீல மறுபூசை பண்ணிட்டுதான் தொடணும். படிச்சவரு நீங்களே இப்டி கேட்டா?"

"ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கும்தான பொட்டு வெச்சிருக்க? அதுல பில்லு போட்டுக்கினுதான இருக்காங்க?"

"அது மிஷினு சார். இது சரஸ்வதி."

என் வாழ்நாளில், நான் வாசிக்கும் வாத்தியத்தைச் சரஸ்வதி என்று சொன்ன ஒரே மனுஷி அவள்தான். அதைச் சொல்லித்தான் என்னை வாசிக்கவிடாமல் தடுத்தாள். மேனேஜர் ரங்கையாவிடம் ஓடினேன். "செண்டிமெண்ட் சார், நேனு ஏம் சேயாலி?" என்று அவர் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டே கைவிரித்தார். முதலாளி உங்களிடம் மாம்பழம் வாங்குகிறவர் ஆயிற்றே, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்று உங்களுக்குப் போன் செய்தேன். என்ன சொன்னீர்கள்? "வேணாம் மச்சான், ஆகாது. நாங்ககூட டிராக்டர நிறுத்திதான வெச்சிருக்கோம்?" என் வாழ்க்கை உங்கள் டிராக்டரோடு சேர்ந்து அன்று நின்றது. டிராக்டர் மறுநாள் கிளம்பிவிட்டது.

ஏஜென்ட் இறங்கி வந்தார். வாழைக்கன்றைப் பார்த்தார். புது மொட்டைத் தலையை மரியாதையாகத் தாழ்த்தி, பியானோவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுந்தரம்மா கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு, வீடியோ இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லி வண்டியேறினார். மறுநாள் மறுபூசை முடிந்து நான் உட்கார்ந்தபோது சந்தனம் கட்டைகளுக்கு இடையில் இறங்கிக் காய்ந்திருந்தது. அழுத்தினால் கீழே போகிறது, மேலே வரமாட்டேன் என்கிறது. என்னைப் போலவே. சரிசெய்யச் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றதும் முதலாளி, பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும், லட்சணமாகத்தான் இருக்கிறது என்று மேலே ஓர் உருளியில் பூ மிதக்கவிட்டார். இப்போது அந்தப் பியானோவுக்கு வேலை இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

அதன்பிறகு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கல்யாண வரவேற்புகளுக்குப் போனதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். நீளமான கறுப்புப் பையைப் பேருந்தில் ஏற்றினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். குப்பம் போகும் வண்டியில் கண்டக்டர் தள்ளி நின்றே, "இன்னா சார் அதுல? டெட் பாடின்னா சொல்லிடுங்க, இதுல ஏத்தக் கூடாது" என்றார். குடுபல்லியில் இறங்கி, மண்டபத்தில் எல்லாவற்றையும் பூட்டி, கண்ணை மூடி வாசிக்கத் தொடங்கினேன். சவுண்டு சர்வீஸ் தேவேந்திரன் வந்து காதருகில் சொன்னான்: "சார், நீங்க டெஸ்டிங் முடிச்சிட்டா சொல்லுங்க, பாட்டு போட்டுடலாம்." நான் வாசித்துக்கொண்டிருந்தது நிகழ்ச்சி. பிறகு ஐஸ்கிரீம் பெட்டிக்கு மின்சாரம் போதவில்லை என்று என் பிளக்கைப் பிடுங்கினார்கள். ஒலி நின்றதை மண்டபத்தில் ஒருவரும் உணரவில்லை. நான் கௌரவத்துக்காகக் கொஞ்ச நேரம் கைகளை அசைத்துக்கொண்டிருந்தேன்.

இவையெல்லாம் தொழில், மாமா. ஊரார் செய்தது. தாங்கிக்கொண்டேன். ஆனால் நம் வீட்டு விசேஷம் ஒன்றிலாவது நான் வாசிக்காமல் இருந்ததுண்டா? கப்பலிலிருந்து லீவில் வந்தபோதுகூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசித்திருக்கிறேன். உங்கள் அண்ணன் மகள் கன்னிகாவின் கல்யாணத்தில் ஷாமியானா கிழிந்து தலையில் தண்ணீர் கொட்டியபோதும் குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் வாசித்தேன். எனக்குக் கல்யாணமில்லை, பிள்ளையில்லை. யாமினி ஒருத்திதான் பிள்ளை. அவளுக்காக ஒரு மெட்டு அமைத்து வைத்திருக்கிறேன், மேடைக்கு அவள் வரும்போது வாசிப்பதற்கு. அதை உங்களிடம் சொல்லத்தான் அன்று வாயெடுத்தேன். வேண்டாம் என்றவள் அவளேதான் என்றீர்கள். அவளும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டாள் என்றால், இனிமேல் நான் வாசிப்பதாக இல்லை. கீபோர்டை விற்க ஆள் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்கும் வருவதாக இல்லை. மெட்ராஸ் டிஜே சுகமாக வந்து சேரட்டும்.

யாமினியும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல், இருவரும் ஒரே சமயத்தில் கோபப்படாமல், நெடுங்காலம் வாழத் தூரத்திலிருந்தே வாழ்த்துகிறேன். அக்காவுக்கு என் அன்பு. தங்களுக்கு என் வணக்கம், அது முறை என்பதால்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டுக்கு எதையும் எடுத்துவரத் தேவையில்லாத
ஹேமநாத்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் யாமினி போன் செய்தாள். "மாமா, பட்டு வேட்டி எடுத்துட்டியா? கரை இன்னா கலரு? போட்டோகிராபர் கேக்கறாரு" என்றாள். நான் வரவில்லை, டிஜேவையே கைபிடித்து அழைத்துவரச் சொல் என்றேன். உடனே அவள் கத்தினாள்: "நம்ம வீட்டு ஆல்பம் ஒண்ணாச்சும் நீ பாத்திருக்கியா மாமா? கன்னிகாக்கா கல்யாணத்துல நீ இல்ல. எழில் மாமா கல்யாணத்துல நீ இல்ல. என் காதுகுத்துல யாரோ மடில உக்காந்து அழுதுக்கினு இருக்கேன். யாருன்னு அம்மாவுக்கே தெரியல. தாய்மாமன் மடில உக்கார வெச்சிதான காது குத்தணும்? நீ எங்க இருந்த? வாசிச்சிக்கினு இருந்த! நான்தான் எங்க நைனாகிட்ட சொன்னேன், பொட்டிய எடுத்துக்கினு வந்தா வாசல்லயே வாங்கி வெச்சிடுன்னு. எனக்கு மியூசிக்கு ஆயிரம் பேரு கிடைப்பான். மாமன் எங்க கிடைப்பான்?"

ஆகையால் முதல் நாளே வந்துவிடுவேன். எழிலரசனிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சொல்லியிருந்தால் இல்லையென்று சொல்லிவிடுங்கள். கரை அரக்கு நிறம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நடை நன்றாக அமைந்திருக்கிறது, மனம் வரவில்லை. நீங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். ஒரு சிறு உதவி. வாசிக்கிறவனின் வலது பக்கம் மட்டும்தான் சபைக்குத் தெரியும். நேருக்கு நேராக எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. போட்டோகிராபரிடம் இதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.