மேசைக்கு அடியில் ஒரு சட்டத்தரணி

மாடிப்படியில் அந்த இருமல் கேட்டதும் அஞ்சலின் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

கடனில் மாட்டியவர்களுக்காக வாதாடும் சட்டத்தரணி என்று பதுளையில் அறை எடுத்து இருபது நாள். ஒரு ஆளும் வரவில்லை. இன்று பத்து மணிக்குத்தான் முதல் ஆள். பசறையிலிருந்து ஜெஸ்டின் என்று ஒருவர்.

"என்ன மேடம் தேடுறீங்க?" என்றாள் உதவிக்கு இருக்கும் தனுஜா.

"வாறது லோன் சேர், வீடு வீடா வந்து தவணை வசூலிக்கிறவரு. நான் இல்லன்னு சொல்லு."

"நீங்க லோன் எடுத்தீங்களா?"

"அம்மா எடுத்தது. கட்டி முடிச்சு ஏழு வருஷம்."

"அப்புறம் எதுக்கு ஒளியுறீங்க?"

கடன் முடிந்தது மனதுக்குத் தெரியும். கால்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கதவு திறந்தது. "மேடம் இருக்காங்களா?"

"கோர்ட்டுக்குப் போயிட்டாங்க."

"இன்னைக்குப் பௌர்ணமி, போயா லீவு. கோர்ட்டு ஏதும்மா?"

"அப்ப... கொழும்புக்கு."

"இப்பத்தான் மேல ஏறினாங்கன்னு கீழ டீக்கடையில சொன்னாங்களே. சரி, உக்காந்திருக்கேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. மேசைக்கு அடியில் தூசி வாசம். சின்ன வயதில், தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலும் இதே வாசம்தான். செவ்வாய்க்கிழமை தோறும் அம்மாவும் அவளும் கட்டிலுக்கு அடியில், கொழுந்துக் கூடையோடு ஒட்டிப் படுத்திருப்பார்கள். வாசலில் இந்த இருமல். பொழுது போகாமல் லோன் பத்திரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவள், பதினாலு வயதில் ஒருநாள் கிசுகிசுத்தாள்: "அம்மா, வட்டியத் தப்பாப் போட்டிருக்காங்க." அம்மா அவள் வாயைப் பொத்தினாள், கண் மட்டும் சிரித்தது.

நுழைவுப் பரீட்சை, கொழும்பில் சட்டக் கல்லூரி, சீனியரின் கோப்புகளைச் சுமந்த ஆறு மாதம் எல்லாம் பிறகு வந்தவை. படிப்பு தொடங்கியது கட்டிலுக்கு அடியில். அம்மா இப்போது இல்லை. கன்னத்தில் பட்ட அந்த மூச்சு நினைவுக்கு வர, எழும்ப மனமே வரவில்லை.

மணி பத்தே கால். முதல் ஆள் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் அதோடு தொழில் முடிந்தது.

"மேடம் நாளைக்குத்தான் வருவாங்க," என்றாள் தனுஜா, கடைசி முயற்சியாக.

"அப்ப ஒரு கோல் எடுத்துப் பாக்குறேன்."

மேசைக்கு அடியில் போன் அலறியது. திடுக்கிட்டதில் அஞ்சலினின் கால் வெளியே நீண்டது.

அவர் இருமினார்.

"கால் தெரியுது மேடம். லயத்துக் கட்டில்லயும் இப்பிடித்தான் தெரியும், நான் பாக்காத மாதிரிப் போயிருவேன். பத்து மணி ஜெஸ்டின் நான்தான். இப்ப லோன்காரங்க என் வீட்டுக்கு வாறாங்க. கட்டிலுக்கு அடியில இருந்து எப்பிடி வெளிய வாறதுன்னு உங்ககிட்டக் கேக்கத்தான் வந்தேன்."