கான்கிரீட் படகு

“அப்பா, உனக்கு வாஷிங் மெஷின் போடத் தெரியுமா?”

சாப்பாட்டு மேஜையில் மகள் டெஸ் சாதாரணமாகத்தான் கேட்டாள். லைல் நோவாக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏன் தெரியாது? நல்லாத் தெரியும்” என்றார்.

தெரியாது. மனைவி ஜோன் இருந்தவரை அவள் துவைத்தாள். அவள் இறந்தபின், அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த டெஸ் யாரும் சொல்லாமலேயே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். லைல் வயல்களில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்த வட்டாரத்துச் சோளம் முழுக்க அவர் கைபட்ட குழாயில்தான் தண்ணீர் குடிக்கிறது. வீட்டுக்குள் சோப்புத்தூள் எங்கே இருக்கிறதென்று கேட்டால் விழிப்பார்.

கேள்வியின் உள்ளர்த்தம் அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. ‘இந்த மனுஷனை எப்படித் தனியா விட்டுட்டுப் போறது’ என்று பிள்ளை கவலைப்படுகிறாள்.

டெஸ்ஸுக்கு எஞ்சினியரிங் படிக்க இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் சொந்த மாநிலப் பல்கலைக்கழகம். இன்னொன்று கொலராடோவில், மலையடிவாரத்தில், ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினால் வரும். இரண்டும் அரசாங்கத்துடையவைதான். ஆனால் சோளக்காட்டுக்கு நடுவே யாரோ எப்போதோ போட்ட மாநில எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் அதே பாடத்துக்கு மூன்று மடங்கு கட்டணம். வெளி மாநிலத்துப் பிள்ளைக்குக் கணக்கு கூடுதலாக ஏறும் போலிருக்கிறது.

இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கொலராடோவில் டெஸ் வாய் ஓயாமல் பேசினாள். மலையைப் பார்ப்பா, பனியைப் பார்ப்பா, காப்பிக் கடையைப் பார்ப்பா! சொந்த மாநிலத்தில் ஒரு கொட்டகைக்குள் அழைத்துப்போய் மாணவர்கள் கட்டிய படகு ஒன்றைக் காட்டினார்கள். கான்கிரீட்டில் கட்டியது. வருஷா வருஷம் கட்டிப் போட்டிக்கு விடுவார்களாம்.

“கான்கிரீட்டுல படகா? முழுகுறதுக்குன்னே கட்டுறாங்களா?” என்று லைல் சிரித்தார்.

“மிதக்கும்ப்பா” என்றாள் டெஸ், அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி. அவ்வளவுதான். வீடு வந்து சேரும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

பாவம், பிடிக்கவில்லை என்று லைல் முடிவு கட்டினார். அதனால், “நம்ம மாநிலத்துலயே படிக்கிறேன்ப்பா, கிட்டக்க இருக்கு” என்று போன வாரம் அவள் சொன்னபோது அவர் நம்பவில்லை. தனக்காகப் பெண் தன் ஆசையை மண்ணில் போட்டுப் புதைக்கிறாள். அதை அவர் நடக்கவிடப் போவதில்லை. கல்லூரிக்குப் பதில் சொல்ல மே முதல் தேதிவரை நேரம் இருந்தது. அதற்குள், தான் தனியாக ஜம்மென்று வாழ்ந்துவிடுவேன் என்று காட்டியாக வேண்டும்.

முதலில் துணி துவைத்தார். நெப்ராஸ்காவில் சிவப்புச் சட்டை இல்லாத வீடு கிடையாது; பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் நிறம் அது. கால்பந்துப் போட்டி நாளன்று கல்லறைத் தோட்டக் காவலாளிகூடச் சிவப்பில்தான் நிற்பார். அந்தச் சிவப்பு, மெஷினுக்குள் இருந்த எல்லா வெள்ளைத் துணியோடும் தாராளமாக உறவாடியிருந்தது. மறுநாள் அவருடைய ரோஸ் நிற சாக்ஸைப் பார்த்த விவசாயி ஒருவர், “வாழ்த்துகள் லைல்! பொண்ணு பொறந்திருக்கா?” என்று கை குலுக்கினார்.

“விடுப்பா. வாரா வாரம் வந்து நானே துவைச்சுத் தர்றேன்” என்றாள் டெஸ்.

வாரா வாரம்! கொலராடோவிலிருந்து வாரா வாரம் வர முடியுமா? நிலைமை முற்றிவிட்டது என்று லைலுக்குப் பட்டது.

அடுத்து சமையல். காரமான பீன்ஸ் குழம்பும், இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டிச் சுருளும். ஜோனின் கைப்பக்குவம். அடுப்பில் வைத்துவிட்டு, யாருடைய இயந்திரமோ நின்றுபோனதென்று போன் வர, பேசிக்கொண்டே தோட்டத்துக்குப் போய்விட்டார். திரும்பியபோது சமையலறை ஜன்னல் வழியே புகை. அலாரம் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் தீயணைப்புப் படை என்றால் சம்பளம் வாங்காத அக்கம்பக்கத்தார்தான். முடிவெட்டுகிறவர் வந்தார், பாதிரியார் வந்தார், கூட்டுறவுக் கடையில் தீவனமும் பெட்ரோலும் விற்கிற மார்வா பவெல்கா கோடரியோடு வந்தாள். அவளும் கணவனை இழந்தவள்.

“ஜன்னலை உடைக்கட்டுமா?”

“கதவு தெறந்துதான் இருக்கு, மார்வா.”

“சே!” என்று கோடரியைக் கீழே வைத்தாள்.

தீயை அணைத்துவிட்டு, கருகாத ரொட்டிகளை எல்லாரும் தின்றுவிட்டுப் போனார்கள். டெஸ் கருகிய பாத்திரத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“எப்படிப்பா உன்னைத் தனியா விடறது?”

“தனியாவா? யார் சொன்னா?” லைல் சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜையில் மார்வா மறந்துவிட்டுப் போன தீயணைப்புத் தொப்பி. “நானும் மார்வாவும்... அது வந்து... உனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

சுரண்டும் சத்தம் நின்றது. டெஸ் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சரிப்பா. ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூப்பிடு” என்றாள்.

மறுநாள் காலை லைல் தொப்பியும் கையுமாகக் கூட்டுறவுக் கடையில் நின்றார். விஷயத்தைக் கேட்டு மார்வா தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் அணைக்கத்தான்யா வந்தேன், பத்த வைக்க இல்ல.”

“ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. பிள்ளை போயிட்டா அப்புறம் யாருக்கு என்ன?”

“நீ பொய் சொல்றதுக்கு நான் வாசனை பூசிக்கிட்டு வரணுமாக்கும்” என்று திட்டினாள். ஆனால் வந்தாள். பூசிக்கொண்டும் வந்தாள். வாசலிலிருந்தே, “கண்ணு!” என்று கூப்பிட்டாள். லைலுக்கு யாரையென்று புரியப் பாதி நிமிஷம் ஆயிற்று.

வருங்கால மனைவி என்ன பேசுவாளென்று மார்வாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வாய்க்கு வந்ததைப் பேசினாள். கடைசியில் ஜன்னலைப் பார்த்து, “மொதல்ல இந்தத் திரைச்சீலையைக் கழட்டணும். ஊதால புதுசா போட்டா எடுப்பா இருக்கும்” என்றாள்.

மஞ்சள் துணியில் சின்னச் சின்னக் கோழிகள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்த கடைசிக் குளிர்காலத்தில் ஜோன் தைத்தது. அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்ல வேண்டியவர், “உன் இஷ்டம், கண்ணு” என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

டெஸ் தட்டிலிருந்த இறைச்சியைச் சின்னதாக வெட்டிக்கொண்டே இருந்தாள்.

“நீ இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சுப்பா” என்றாள்.

விடிந்ததும் அவளே வந்து சொன்னாள். “நான் கொலராடோவுக்கே போறேன்ப்பா.”

லைல் அவளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வண்டிக் கொட்டகைக்குப் போய், தன் மீன்பிடிப் படகின்மேல் போர்த்தியிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஜெயித்துவிட்டார். ஜெயித்தவன் அழக் கூடாதென்று சட்டமா?

மூன்று மடங்கு கட்டணத்துக்கு வழி வேண்டுமே. அந்தப் படகைத்தான் விற்றார். டெஸ் தூண்டில் பிடிக்கக் கற்றது அதில்தான். வாங்கியவன் வண்டியில் கோத்து இழுத்துப் போனபோது, அது தானியக் கிடங்கைத் தாண்டி மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

“ஏன்ப்பா வித்த?”

“உன் மலையைவிட எனக்குப் படகா பெருசு?”

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று லைல் அவள் தலையைத் தடவினார்.

ஆகஸ்டில் பெட்டி படுக்கையோடு கிளம்பினார்கள். ஊர் எல்லையில் பெட்ரோல் போடக் கூட்டுறவுக் கடையில் நிறுத்தியபோது, மார்வாவிடம் சொல்லிக்கொண்டு வருவதாக டெஸ் உள்ளே போனாள். வரும்போது கண் சிவந்திருந்தது.

“தீவனத் தூசிப்பா” என்றாள்.

வழி முழுக்க மலை, பனி, காப்பிக் கடை என்று பேசிக்கொண்டே வந்தாள். விடுதி வாசலில் அவரைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை. லைல்தான் விலக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். திரும்பிப் பார்த்திருந்தால் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்.

மறுநாள் ஊருக்குள் நுழைந்ததும் நேரே மார்வாவிடம் போனார். அந்த வீட்டுக்குள் தனியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

“நம்ம நாடகம் பலிச்சிடுச்சு, மார்வா! எம்பொண்ணு ஆசைப்பட்ட இடத்துல சேந்துட்டா. எனக்காக அவ எதையும் விட்டுக் குடுக்கல.”

மார்வா சிரிக்கவில்லை. கல்லாப்பெட்டியைத் திறந்து ஒரு சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தூண்டில் தக்கை கோத்த, டெஸ்ஸின் வீட்டுச் சாவி.

“‘எனக்கு அந்தக் கான்கிரீட் படகு கட்டணும்னுதான் ஆசை மார்வா, ஆனா நான் வாரா வாரம் வந்து நின்னா நீங்க ரெண்டு பேரும் எப்படி வாழ்றது, திரைச்சீலையை மாத்திக்கோங்க, அப்பாவைச் சிரிக்க வைங்க’ன்னு சொல்லிட்டு, இதைக் குடுத்துட்டுப் போனா லைல்.”