வெள்ளிமலைச் சிகரமும் கழுதை ஒன்றும்

ஒரு காட்டில், வழக்கம்போல ஒரு சிங்கராஜா இருந்தது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அது இந்தக் கதைக்குள் வராது. அது போட்ட அரசாணை மட்டும்தான் வரும்: 'பனி மூடிய வெள்ளிமலைச் சிகரத்தைத் தொடும் விலங்குக்குச் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் உள்ள விலங்கு ஆயுசுக்கும் சுமை தூக்க வேண்டியதில்லை.'

இதைக் கேட்டதும் வைராண்டி என்ற கழுதைக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அதன் முதுகு காலியாக இருந்ததே இல்லை. ஒரே ஒரு நாளாவது வெறும் முதுகோடு புல்லில் புரள வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு இரண்டு கூட்டாளிகள். நரி சாம்பசிவம் வரப்போகும் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டது, அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். கரடி பூதலிங்கத்துக்கு ஒன்றும் வேண்டாம், கூட்டமாக யார் எங்கே போனாலும் அதுவும் போகும்.

"மூணு பேரும் சேர்ந்தே ஏறுவோம்டா வைராண்டி. நட்புன்னா என்னன்னு அந்த மலைக்குக் காட்டுவோம்," என்றது நரி.

மலை அலுவலகத்து வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. நரி எப்படியோ முன்னால் புகுந்து, கால் மணி நேரத்தில் படிவத்தோடு திரும்பியது. "எல்லாம் எழுதிட்டேன். நீ குளம்பை மட்டும் வை." வைராண்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மையில் குளம்பைத் தோய்த்து, நம்பி வைத்தது. நம்பினோர் கெடுவதில்லை என்பார்கள். அப்படிச் சொன்னவர் படிவம் நிரப்பியிருக்க மாட்டார்.

வெள்ளிமலையில் ஒரே மூச்சில் ஏறிவிட முடியாது. வழியில் மூன்று முகாம்கள். ஒவ்வொரு முகாமுக்கும் ஏறி, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பழைய இடத்துக்கே இறங்கித் தூங்கி, மறுநாள் மறுபடி ஏற வேண்டும். அப்போதுதான் உடம்புக்கு மலைக்காற்று பழகுமாம். நரியும் கரடியும் கைவீசி நடந்தன. கூடாரம், அடுப்பு, நரியின் மடக்கு நாற்காலி எல்லாம் வைராண்டி முதுகில். ஏறின மலையையே ஏறி ஏறி, அது ஒரு மலைக்கு இரண்டு மலை ஏறியது.

முதல் முகாமில் பனியைப் பார்த்ததும் கரடி கொட்டாவி விட்டது. "பனி கண்டா தூங்கணும், அது எங்க குலவழக்கம். மீறினா தெய்வக் குத்தம்," என்று ஒரு குகைக்குள் போய்ப் படுத்துவிட்டது. இரண்டாம் முகாமில் நரியின் செல்போனுக்கு சிக்னல் நன்றாகக் கிடைத்தது. சிகரம் பின்னால் தெரிகிற மாதிரி நாற்பது செல்ஃபி எடுத்து, 'உச்சியிலிருந்து உங்கள் சாம்பசிவம்' என்று போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தது.

"நீ முன்னால போ. இதோ பின்னாலயே வந்துடறேன்."

வைராண்டி போனது. காது விறைத்தது, மூக்கில் பனி தொங்கியது. "இதுதான் கடைசிச் சுமை, இதுதான் கடைசிச் சுமை" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாம் முகாமையும் தாண்டி, சிகரத்தில் குளம்பை வைத்தது.

அங்கே கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு வரையாடு அதிகாரி பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தது.

"பேரு?"

"வைராண்டிங்க."

"ஏறுவோர்: நரி, கரடி. வைராண்டின்னு யாரும் இல்லையே. ஓ, இதோ இருக்கு. உடன் கொண்டு செல்லும் உடைமைகள்: கூடாரம் ஒன்று, அடுப்பு ஒன்று, கழுதை ஒன்று."

வைராண்டி ஓரடி முன்னால் வந்தது. "ஐயா, நான் அவங்க சிநேகிதனுங்க."

"சிநேகிதன்னு ஒரு கட்டமே படிவத்துல கிடையாது. ரெண்டு பேருக்கு மேல போனா மருத்துவச் சான்று வேணும், அதுக்குத் தனி வரிசை. சோம்பல்பட்டு உன்னை இப்படி எழுதியிருப்பாங்க." டக், டக் என்று இரண்டு சான்றிதழ்களில் முத்திரை விழுந்தது. "உடைமை வந்து சேர்ந்தா உடையவர் வந்து சேர்ந்த மாதிரி. விதி ஏழு. அவங்க ரெண்டு பேருக்கும் இது செல்லும்."

வைராண்டி பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது. கழுதை வாய்விட்டு அழுதால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்ட வரையாடு, சத்தத்தை நிறுத்துவதற்காகவே அடுத்த விதியை உரக்கப் படித்தது: "விதி எட்டு. மேலே வந்த உடைமைகளை உடையவரே சுமந்து கீழே இறக்க வேண்டும். தவறினால் சான்றிதழ் ரத்து, ஆறு மாதம் பனி அள்ள வேண்டும்."

அழுகை சட்டென்று நின்றது. "இன்னொரு தடவை படிங்க சாமி."

வரையாடு படித்தது. வைராண்டி கால்களை மடக்கி, கூடாரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் வசதியாகப் படுத்துக்கொண்டது.

விதி எட்டைச் சொல்லி வரையாடு நரிக்குப் போன் போட்ட ஐந்தாம் நாள், நரியும் கரடியும் நாக்குத் தள்ள மேலே வந்து சேர்ந்தன.

"எழுந்திரு நண்பா, பேசிக்கிட்டே இறங்குவோம்," என்று நரி குழைந்தது.

"உடைமை எங்கயாவது எழுந்திருக்குமா?" என்றது வைராண்டி.

நரி அதிகாரியைப் பார்த்தது. "அது தானா நடந்தா அது உடைமை இல்லை. அப்புறம் உங்க படிவம் பொய்ப் படிவம்," என்று வரையாடு பேனாவைத் திறந்தது.

கரடி முன்னங்கால்களைப் பிடித்தது, நரி பின்னங்கால்களைப் பிடித்தது. "அடுப்பை மறந்துடாதீங்கடா," என்றது வைராண்டி. மூன்று முகாமும் கடந்து அடிவாரப் புல்லில் இறக்கியதும், வெறும் முதுகோடு அது ஆசை தீரப் புரண்டது. நரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

இப்போதும் யாராவது மூட்டையோடு கிட்டே வந்தால், வைராண்டி படிவத்தின் நகலை எடுத்து நீட்டுகிறது. "நானே ஒரு மூட்டை. மூட்டை மேல மூட்டை ஏத்தலாமா, நியாயமா?"

நீதி: உன்னைச் சுமை என்று எழுதிவிட்டார்களே என்று அழாதே, படுத்துக்கொள். எழுதியவன் வந்து தூக்குவான்.