பதுவையில் ஒரு புதுமை

இனிமேல் என் கமராவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது. போன வைகாசியில் அப்படி ஒரு முடிவு எடுத்தேன்.

பாரிசில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் போட்டோக் கடை வைத்திருக்கிறேன். விசா அலுவலுக்குப் பிரிபெக்சர் கந்தோரில் கொடுக்கிற படத்தில் சிரிக்கக் கூடாது. பிள்ளைகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுக்கிற படத்தில் சிரிக்காமல் இருக்கக் கூடாது. என் தொழில் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இதற்கு வெளியே ஒரு கலை இருக்கிறது. தெருவில் நின்று, தன்பாட்டில் போகிற மனிதரை அவர் அறியாமல் எடுப்பது. அதற்குப் பழைய இத்தாலிய நகரமும் பின்னேர வெயிலும் வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். நம்பிவிட்டேன்.

தனியாக இத்தாலிக்குப் போகிறேன் என்று மனைவி பேர்ளியிடம் சொல்லத் துணிவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அங்கே இருக்கிற பதுவை அந்தோனியார் கோயிலுக்கு யாத்திரை பஸ் விடுகிறார்கள். பேர்ளி வருடா வருடம் கூப்பிடுவாள். நான் வருடா வருடம் கடையைச் சாட்டுவேன். இந்த முறை நானே போய் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்தேன்.

"என்னப்பா, திடீரெண்டு பக்தி?" என்றாள்.

"வயசு போகுதெல்லே."

"ஓம். கமராவும் செபிக்க வருகுதோ?"

"அது சும்மா, துணைக்கு."

பஸ் மலையைத் தாண்டும்போதே முழங்காலைத் தடவத் தொடங்கினேன். பதுவையில் நொண்டிக்கொண்டு இறங்கினேன். பின்னேரம் எல்லாரும் கோயிலுக்குப் புறப்பட, ஹோட்டல் கட்டிலில் காலை நீட்டிவிட்டேன்.

"ஏலாதப்பா. நீர் போய் எனக்கும் சேர்த்துச் செபிச்சிட்டு வாரும்."

பேர்ளி என் முழங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம்," என்றாள். ஜன்னல் சீலையை இழுத்து மூடினாள். "வெயில் படாமல் படுங்கோ."

படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் அடங்கியது. நான் கமராவோடு தெருவில் நின்றேன்.

யூடியூப்காரர் பொய் சொல்லவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் வளைவுத் தூண்கள். தூணுக்குத் தூண் இடையில் மஞ்சள் வெயில் சரிந்து கிடந்தது. ஒரு கிழவர் தனக்கு ஒரு நக்கு, நாய்க்கு ஒரு நக்கு என்று ஐஸ்கிறீம் சாப்பிட்டார். ஒரு பாதிரியார் சைக்கிளில் போனார். அவருடைய நிழல் அவருக்கு முன்னால் சுவரில் ஓடியது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. குந்தினேன், பாய்ந்தேன், படுத்தும் எடுத்தேன். பாதிரியாரைத் துரத்திக்கொண்டு ஓடி, மூலை திரும்பி, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றிக் கமராவைக் கண்ணில் வைத்தேன்.

லென்சுக்குள் எங்கள் பஸ் முழுக்க நின்றது. கோயில் முற்றத்துக் கடையில் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் பேர்ளி.

நான் வாய் திறக்க முதல் அவள் கையைக் கூப்பினாள்.

"அந்தோனியாரே, நடக்கேலாமல் கட்டிலிலை கிடந்த மனிசன். இப்ப பாருங்கோ, ஓடி வாறார்."

"புதுமை! அந்தோனியார் செய்த அற்புதம்," என்றார் யாத்திரையை நடத்துகிற செபஸ்டியன் அண்ணை. பஸ்சில் எங்களோடு வந்த மர்கரீத் அக்கா அழத் தொடங்கினார். ஒருவர் என் முழங்காலைத் தொட்டுத் தன் முழங்காலில் பூசிக்கொண்டார்.

இல்லை என்றால் நான் பொய்யன். ஓம் என்றால் சாட்சி. "ஓம்," என்றேன்.

பேர்ளி என் காதுக்குள் சொன்னாள். "சாட்சி சொல்லேக்கை காலை மாத்திப் போடாதேங்கோ. பஸ்சிலை இடது. ஹோட்டலிலை வலது."

"தெரிஞ்சுகொண்டே ஏனப்பா பேசாமல் இருந்தனீர்?"

"நீங்கள் எடுக்கிற படத்தைவிடக் காட்டுற படம் நல்லா இருந்தது. இடையிலை குழப்ப மனம் வரேல்லை."

பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "சுகமானால், இந்த முற்றத்திலையிருந்து கோயில் வாசல்மட்டும் முழங்காலிலை வருவார் எண்டு நேர்ந்தனான்."

"எப்ப நேர்ந்தனீர்?"

"ஜன்னல் சீலையை மூடேக்கை."

பழைய நகரம் என்றால் முற்றத்துக் கல்லும் பழசு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டம். செபஸ்டியன் அண்ணை செபமாலையைத் தொடங்கினார். பேர்ளி என் கழுத்திலிருந்து கமராவைக் கழற்றிக்கொண்டாள். "அவசரமில்லை. வெயில் இன்னும் கிடக்கு," என்றாள்.

நான் முழங்காலில் நகர்ந்தேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். பெரிய லென்ஸ் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் பக்கத்தில் குந்தி என்னை எடுத்தார். பக்கவாட்டு வெயில், நீண்ட நிழல், கமராவைப் பார்க்காத மனிதன். நல்ல படம்தான். எனக்குத் தரவில்லை.

பாரிசில் பஸ் நின்றபோது இரண்டு முழங்காலும் உண்மையாகவே நொந்தன. எல்லாருடைய பெட்டிகளையும் இறக்க ஆள் தேடினார்கள்.

"ஏன், இவர் நிக்கிறார்தானே," என்றாள் பேர்ளி. "பஸ்சுக்குள்ளை இவருக்கு மட்டும்தான் கால் சுகம்."