லாடத்தண்ணனுக்கு ஜாமீன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஜட்கா வண்டியில் ஏறி, அன்றிலிருந்து கடிவாளம் பிடித்த கை இது. எழுத்தெல்லாம் முரட்டுக் குதிரை மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பிழைகளைப் பத்திரிகை ஆபீஸில் இருக்கிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

திருச்சினாப்பள்ளியில் மனிதர்களின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. குதிரையின் குளம்பைப் பார்த்துக் கடன் கொடுத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த அவரை எல்லோரும் லாடத்தண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த நாளில் ஜட்காக்காரன் குதிரை வாங்க வட்டிக்கடைக்குத்தான் போக வேண்டும். குதிரை செத்துப்போகும், வட்டி உயிரோடு இருக்கும். லாடத்தண்ணன் பதினோரு வண்டிக்காரர்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிவைத்து, ஆளுக்கு ஒரு ரூபாய் வாங்கி, எங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிக்கொள்ள ஐக்கிய நாணய சங்கம் ஆரம்பித்தார். சங்கத்துக்கு இரும்புப்பெட்டி கிடையாது. பணமும் பத்திரமும் ஒரு கொள்ளுப் பைக்குள் இருக்கும். பை, அவருடைய கிழட்டுக் குதிரை ராஜாத்தியின் கழுத்தில் தொங்கும். ராஜாத்தி அவரைத் தவிர யார் கிட்டே வந்தாலும் கடிக்கும். திருடன் பயமே இல்லை.

ஒருநாள் சங்கக் கணக்கைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு கடன் பத்திரங்களைக் காணவில்லை.

"எங்கேய்யா ரெண்டு பத்திரம்?"

"உள்ளேதாங்க இருக்கு" என்று ராஜாத்தியின் வயிற்றைக் காட்டினார் லாடத்தண்ணன்.

கடன் வாங்கிய இரண்டு பேரும் பத்திரம் இல்லாமலே கடைசித் தம்பிடி வரை கட்டினார்கள். கட்டாமல் எப்படி? அவர்களுடைய குதிரைகளுக்கு அவர்தானே லாடம் அடிக்க வேண்டும்!

கடன் கேட்டு யார் வந்தாலும் அவர் குதிரையின் காலைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். மூக்கன் என்ற வண்டிக்காரன் கூரை மாற்றக் கடன் கேட்டான்.

"பின்னங்கால் லாடம் தேஞ்சு ஒரு மாசமாச்சு. வாயில்லா சீவனுக்கே செருப்பு வாங்கித் தராதவன், சங்கத்துக்கு என்னடா திருப்பித் தருவே? போடா!"

விரட்டிவிட்டார். விரட்டிய கையோடு அந்தக் குதிரைக்குக் காசு வாங்காமல் லாடமும் அடித்துவிட்டு, "இப்ப வந்து கேளு" என்றார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடன் கேட்பவனுக்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். நிற்பது என்றால் நிஜமாகவே நிற்க வேண்டும். கூட்டத்தில் மனுவை வாசித்ததும் எழுந்து, "நான் பொறுப்பு" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். தாமதித்து எழுந்தால் செல்லாது. "யோசிச்சு எந்திரிக்கிறவன் யோசிச்சுத்தான் கட்டுவான்" என்பார்.

நான் கூச்சக்காரன். ஸ்ரீரங்கம் போகிற சவாரியைக்கூட வாய்விட்டுக் கூப்பிடமாட்டேன். குதிரையைத் தடவிக்கொண்டே நிற்பேன். ஒரு மாசியில் காவிரிப் பாலத்தின் நடுவிலேயே என் குதிரை விழுந்து செத்தது. என் மனுவை வாசிக்க ஆரம்பித்தார்கள். பெயர் முடிவதற்குள் லாடத்தண்ணன் எழுந்துவிட்டார்.

"நான் பொறுப்பு! மூக்கா, நீயும் எந்திரிடா!"

மூக்கன் எழுந்துகொண்டே கேட்டான்: "அவனுக்குத்தான் குதிரையே இல்லையேண்ணே? எந்தக் குளம்பைப் பாத்தீங்க?"

"செத்த குதிரையைப் போய்ப் பாத்தேன்டா. நாலு லாடமும் புதுசா இருந்துச்சு."

சங்கம் வளர்ந்தது. தையற்காரர்களும் வெற்றிலைக் கடைக்காரர்களும் சேர்ந்தார்கள். வாடகைக்கு ஓர் அறை, சம்பளத்துக்கு ஒரு செகரட்டரி, மேஜைமேல் மணி எல்லாம் வந்தன. ஊருக்குள் பஸ்ஸும் வந்தது. ஜட்காக்கள் குறைந்து, லாடத்தண்ணனின் உலை பாதி நாள் ஆறிக்கிடந்தது. சைக்கிள் ரிப்பேர்க் கடை வைக்கலாம் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே கடன் கேட்டு மனுப் போட்டார்.

செகரட்டரி மனுவை வாசித்தார். லாடத்தண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் முழங்காலில் கை ஊன்றினேன். மூக்கன் எழுந்ததும் எழுந்துவிடலாம் என்று அவனைப் பார்த்தேன். மூக்கன் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு ஜாமீன் நிற்க இடித்துக்கொண்டு வருவார்கள் என்று நினைத்து, ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு வழி விட்டோம். அந்த வழியில் யாரும் வரவில்லை.

செகரட்டரி மணியைத் தட்டினார். "ஜாமீன் இல்லை. அடுத்த மனு."

அதன்பிறகு சபை முழுக்க எழுந்து, "நான் பொறுப்பு, நான் பொறுப்பு" என்று கத்தியது. லாடத்தண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"உக்காருங்கப்பா. சட்டம் நான் போட்டது. எத்தனை பேரை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன்!"

அடுத்த கூட்டம் வரை அவர் காத்திருக்கவில்லை. மணப்பாறைக்குப் போய்விட்டார், சந்தை மாடுகளுக்கு லாடம் அடிக்க.

ஒரு சந்தை நாளில் அவரைப் பார்க்கப் போனேன். சொல்ல வேண்டியதை ரயிலில் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். என்னைக் கண்டதும், "குதிரை எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குண்ணே."

"மாட்டுக்குக் குளம்பு ரெண்டாப் பிளந்திருக்கு பாரு. நாலு காலுக்கு எட்டு லாடம். வரும்படி ரெட்டிப்பு! நல்லவேளை, கடன் கிடைக்கலை." சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்னடா, நாக்கு ஒட்டிக்கிச்சா? போ, ரயில் போயிடும்."

போய்விட்டேன். அடுத்த கோடையில் அவர் இறந்துபோனார்.

இப்போதெல்லாம் சங்கக் கூட்டத்தில் யார் மனுவை எடுத்தாலும், பெயர் முடிவதற்குள் எழுந்துவிடுகிறேன். போன தடவை செகரட்டரி வாசித்தது புது பெஞ்சு வாங்குகிற தீர்மானம். அதற்கும் எழுந்து "நான் பொறுப்பு" என்றேன். சபையே சிரித்தது. மூக்கன் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கத்தில் எழுந்து நின்றான்.

பல வருஷம் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்தது, சர்வதாரி வருஷம் ஆடி பதினெட்டாம் தேதி.