உதரபுரியில் கூவக் கூடாது

ஒரு மனிதனின் வயிற்றுக்குள் உதரபுரி என்றொரு நாடு இருந்தது. அவன் உண்பதே அந்நாட்டின் மழை. சுவரோரம் வாழ்ந்த எளிய குடிகள் அதை உறிஞ்சிப் பிழைத்தார்கள்.

அந்நியர் நுழைந்தால் காவற்காரி கூவுவாள், குடிகள் எழுவார்கள். முன்பொரு முறை வெறும் வேர்க்கடலைத் துணுக்கைப் பகைவன் என்றெண்ணிக் கூவி, தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து பகைவரைவிடத் தங்கள் கூவலுக்கே அதிகம் அஞ்சினார்கள். அனுமதியின்றிக் கூவக் கூடாது என்று சட்டம் வந்தது.

ஒருநாள் நீளர் என்ற புழு வந்து சுவரைக் கவ்வினார். காவற்காரி சுணை, அமைதி அமைச்சர் சாந்தவேலரிடம் ஓடினாள்.

"ஐயா, சுவரைக் கடிக்கிறார்! கூவ அனுமதி கொடுங்கள்."

நீளர் அனுப்பியிருந்த இனிப்புச் சாற்றை அமைச்சர் ஒரு மிடறு பருகினார். "கடிக்கவில்லை அம்மா, சுவரின் உறுதியைச் சோதிக்கிறார். வேர்க்கடலையை மறந்துவிட்டாயா?"

நீளர் குடித்தது போகக் குடிகளுக்கு மழை குறைந்தது. பசியை இனி 'இலேசு' என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை வந்தது. பிறகு நீளரே சுவர்க் காவலராக நியமிக்கப்பட்டார்.

சுணையின் மகள் தினை வெளிறிப்போனாள். "அம்மா, எனக்கு ரொம்ப இலேசாக இருக்கிறது" என்றாள்.

சுணை கூவவில்லை. அடுத்த வீட்டுக் குமிழியின் காதில் மெல்லச் சொன்னாள்.

"ஏன்டி இத்தனை நாள் சொல்லவில்லை? உன் பிள்ளை வேறு, என் பிள்ளை வேறா? ஆண்டவன் என் வீட்டில் இதை ஊற வைத்தது எதற்கு?" என்ற குமிழி, தன் குடத்தில் ஊறியிருந்த வழவழப்பான நீரையெல்லாம் சுவரில் ஊற்றினாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டாளும் ஊற்றினாள். அவளுக்கு அடுத்தவளும். யாரும் கூவவில்லை, யார் வீடும் எரியவில்லை. நீளரின் பிடி வழுக்கிற்று. கீழ்வாசல் வழியே அவர் வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தார்.

"விருந்தினர் யாத்திரை சென்றார். நம் அமைதிக் கொள்கை வென்றது!" என்று அமைச்சர் அறிவித்தார்.

மழை மீண்டும் சுவரைத் தொட்டது. தினை, "பசிக்கிறதம்மா" என்றாள். சுணை அவள் வாயைப் பொத்தவில்லை.

அதற்குள் அமைச்சரின் ஆட்கள் மேல்வாசலில் புது விருந்தினருக்குத் தோரணம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கழுவாத கீரையோடு சின்னஞ்சிறு நீளர்கள் கூட்டமாக வந்திறங்கினர்.

"கைக்குழந்தைகள்! இவர்களைக் கண்டுமா பயம்?" என்றார் அமைச்சர், காலிக் கோப்பையை அவர்களிடம் நீட்டியபடி. கைதட்டியவர்கள் எல்லோரும் வெளிறியிருந்தார்கள்.

சுணை திரும்பிப் பார்த்தாள். குமிழியின் குடம் இன்னும் பாதிகூட நிறையவில்லை. ஆனாலும் அவள் சுவரோரம் சற்று நகர்ந்து, பக்கத்தில் நிற்கச் சுணைக்கு இடம் கொடுத்தாள்.