திரைக்கு ஜோடனை செய்பவர்

புதிதாக வேலைக்குச் சேரும் பொறியாளர்களில் வாயே திறக்காதவர் உண்டு, வாயை மூடவே மூடாதவர் உண்டு. அவர்களை விடுங்கள். இன்று நாம் பார்க்கப் போகிறவர் தனி ரகம். இவர் ஜோடனைக்காரர்.

ஆலைகளில் இயந்திரம் ஓட்டுகிறவர் முன்னால் ஒரு தொடுதிரை இருக்கும். எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, எந்த பம்ப் ஓடுகிறது என்று அது காட்டும். ஓட்ட வேண்டுமா, நிறுத்த வேண்டுமா, அதிலேயே தொட்டால் போதும். அந்தத் திரையை வடிவமைக்கும் வேலையை நம்மவரிடம் கொடுத்துப் பாருங்கள். தொட்டிக்கு நிழல் விழும். பம்ப்புக்குள் விசிறி சுழலும். குழாயில் திரவம் அலையலையாக நெளியும். பின்னணியில் சூரியன் மறையும். கம்பெனி முத்திரை ஓரத்தில் சிவப்பாக மின்னும், ஆபத்து வந்தாலும் அதே சிவப்பு, அதே மின்னல். எதைத் தொட்டாலும் "நிச்சயமாகவா?" என்று ஒரு பெட்டி எழுந்து வந்து கேட்கும். பதினேழு நிறங்கள். எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னது.

"ஓட்டப்போறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று யாராவது கேட்டால் போதும், நம்மவர் முகத்தில் பெருந்தன்மை பொங்கும்.

"எதுக்குங்க? பார்த்தாலே புரியும்."

இந்தப் 'பார்த்தாலே புரியும்' இருக்கிறதே, அதுதான் இவருக்கு உயிர்மூச்சு. யார் பார்ப்பது? எங்கே நின்று? எந்தக் கையோடு? அதெல்லாம் மாடியில் குளிரூட்டிய அறையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கணினிச் சுட்டியை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பவருக்கு எப்படித் தோன்றும்?

நான் சொல்லும் ஜோடனைக்காரருக்குத் துணி துவைக்கும் சோப்புத் திரவம் செய்யும் ஆலையில் வேலை. சேர்ந்து ஆறு மாதம் முடியப் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் புதுத் திரையை ஓட்டிப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் இன்னும் ஆறு மாதம் தற்காலிகம்தான். இவருக்கு அதில் கவலையே இல்லை. திரையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியாயிற்று. அம்மாவும் அக்கம்பக்கத்தில், "என் பையன் பண்ணினதுதான், சினிமா மாதிரி இருக்கு" என்று சொல்லியாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை சோதனை ஓட்டம். ஆபரேட்டர், நம்மவரைவிட இரண்டு வயது மூத்த பெண், திரையை மேலும் கீழுமாகப் பார்த்தார். சூரியன் மறைவதையும் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். பம்ப்பை எங்க நிறுத்தறது?"

"பார்த்தாலே புரியும்க்கா. யார் வேணாலும் ஓட்டலாம்."

"அப்போ நீங்களே ஓட்டுங்க. நான் மேல போய் தொட்டியில அளவு பாக்குறேன். கையுறை மாட்டிக்குங்க, காரம் கலக்குற இடம், தோல்ல பட்டா அரிச்சிடும்."

கையுறை என்றால் முழங்கை வரை வரும் தடித்த ரப்பர். மாட்டியதும் ஒவ்வொரு விரலும் இரண்டு விரல் அகலம் ஆகிவிட்டது. அதில் சோப்பு ஈரம் வேறு. நம்மவர் அசரவில்லை. பம்ப்பைப் பெருமையாக ஓட விட்டார். மூன்றாவது அழுத்தலில் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "போதும் சார், நிறுத்துங்க."

நிறுத்தும் பொத்தான் அழகைக் கெடுக்கிறது என்று அதை ஒரு பட்டியலுக்குள் மடித்து வைத்தவர் இவரே. பட்டியலைத் தொட்டார். ரப்பர் விரல் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துத் தொட்டது. பின்னணியில் சூரியன் போய் நிலா வந்தது.

"சார், நிறைஞ்சுக்கிட்டு இருக்கு."

"இதோக்கா, இதோ." பட்டியல் திறந்தது. பொத்தான் கிடைத்தது. அழுத்தினார். பெட்டி எழுந்து வந்து மிகப் பணிவாகக் கேட்டது: நிச்சயமாகவா?

'ஆம்', 'இல்லை' இரண்டும் இரண்டு அரிசி மணிகள் போல ஒட்டி உட்கார்ந்திருந்தன. தடித்த விரல் 'இல்லை'யில் விழுந்தது. மறுபடி பட்டியல். மறுபடி பொத்தான். மறுபடி நிச்சயமாகவா? நிச்சயமாகத்தானடா, நிச்சயமாகத்தான் என்று நம்மவர் திரையிடம் கெஞ்சியதைப் பக்கத்து இயந்திரக்காரர் காதால் கேட்டிருக்கிறார். அதற்குள் தொட்டி பொங்கி, நுரை படிக்கட்டு வழியாக நிதானமாக இறங்கி வந்து இவர் காலணியைத் தொட்டது. ஆபரேட்டர் தடதடவென்று இறங்கி வந்து, சுவரில் இருந்த அவசர நிறுத்தப் பொத்தானை முழங்கையால் ஒரு இடி இடித்தார். பம்ப் நின்றது. அந்தப் பொத்தான் எதையும் கேட்கவில்லை.

"கையெழுத்து..." என்றார் நம்மவர், நுரைக்குள் நின்றுகொண்டு.

"முதல்ல தரையைக் கழுவலாம் சார்."

தரையைத்தான் கழுவினார். இன்னும் ஆறு மாதம், அம்மாவிடம் என்ன சொல்வது? மறுநாள் மாடிக்குப் போகவில்லை. ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கைகள் எங்கே போகின்றன, கண் எதைத் தேடுகிறது என்று ஷிப்ட் முழுக்கப் பார்த்தார். எட்டு மணி நேரத்தில் அந்தப் பெண் தேடியது நான்கே எண்கள். சூரியனை ஒரு தடவைகூடத் தேடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த புதுத் திரை சாம்பல் நிறம். நான்கு எண்கள் பெரிதாக, எப்போதும் கண்ணெதிரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிறுத்தும் பொத்தான். ஏதாவது கோளாறானால் மட்டும் சிவப்பு. ஆபரேட்டர் கையுறையோடு ஓட்டினார், நிறுத்தினார், ஓட்டினார், நிறுத்தினார்.

"பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையே சார்," என்றார் அவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "நிம்மதியா இருக்கு. பேனா குடுங்க."

வேலை நிரந்தரமாயிற்று. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்தது ஜம்முனு இருந்துச்சே" என்று வருத்தப்பட்டார். அம்மா புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாப்பா?" என்று கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆலைப் பக்கமே போகாத நமக்கென்ன? ஆனால் ஒரு சின்னக் கேள்வி. போன மாதம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், உள்ளே இருப்பது வெளியே தெரியாத முப்பது டப்பாக்கள் வாங்கி வந்து, அடுப்படி அலமாரியில் வரிசை பிசகாமல் அடுக்கி, படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பியது யார்? அந்த அடுப்படியில் தினமும் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உள்ளே மூடி திறந்து மூடும் சத்தம் கேட்கிறது பாருங்கள். உப்பைத்தான் தேடுகிறார். ஆறாவது டப்பா.